முப்பிடாதி எடுத்த அளவு

டிசம்பர் 18, திங்கள்

இரண்டாம் ஆண்டு ஒளியியல் தாள் இந்த முறையும் என் தலையில்தான். பாடமும் நான், ஆய்வகமும் நான், இன்டர்னல் மதிப்பெண் போடுவதும் நான். நிரந்தர வேலையில் இருப்பவர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்லி ஒதுங்கிக்கொண்டார்கள். நான் ஒதுங்க முடியாது. ஒன்பது வருடமாக இந்தக் கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர். தற்காலிகம் என்றால் ஒன்பது வருடம் என்று அகராதியில் சேர்த்துவிடலாம்.

ஆனால் இந்த வருடம் ஒன்று இருக்கிறது. துறையில் ஒரு நிரந்தர இடம் காலியாகிறது. ஏப்ரல் கடைசியில் நேர்முகம். துறைத்தலைவர் சங்கரவடிவு மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "வேதமாணிக்கம், இந்த செமஸ்டர் ஒரு சத்தமும் இல்லாம போகணும். மத்தத நான் பாத்துக்கிடுதேன்."

வீட்டில் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. ஆள் வந்து பார்த்து கப்பாசிட்டர் போய்விட்டது என்றான்.

ஜனவரி 9, செவ்வாய்

ஆய்வகம் தொடங்கியது. நாற்பத்திரண்டு பேர். கருவிகள் பத்துப் பேருக்குத்தான் உண்டு. நியூட்டன் வளையச் சோதனைக்கு ஒரே ஒரு லென்ஸ். அதனால் வாரத்துக்கு ஏழெட்டுப் பேராக முறை வைத்து விடுகிறேன்.

சோதனை எளிது. தட்டையான கண்ணாடியின் மேல் லென்ஸின் வளைந்த பக்கத்தை வைத்து சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளியை விழச் செய்தால், நுண்ணோக்கிக்குள் இருட்டும் வெளிச்சமுமாக வளையங்கள் தெரியும். வளையங்களின் விட்டத்தை அளக்க வேண்டும். லென்ஸின் வளைவு ஆரம் பெட்டி மேல் எழுதியிருக்கும், நூறு சென்டிமீட்டர். இரண்டையும் சூத்திரத்தில் போட்டால் ஒளியின் அலைநீளம் கிடைக்கும். விடை 5893 ஆங்ஸ்ட்ராம். எல்லாருக்கும் தெரிந்த விடை.

எல்லாருக்கும் தெரிந்ததால்தான் எல்லாருக்கும் வருகிறது. மேல்வகுப்புப் பிள்ளைகளின் ரெக்கார்டைப் பார்த்து அளவுகளைக் கொஞ்சம் முன்னே பின்னே மாற்றி எழுதிவிடுவார்கள். எனக்குத் தெரியாமல் இல்லை. நானும் அப்படித்தான் படித்துவந்தேன். கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

ஜனவரி 23, செவ்வாய்

இன்று முப்பிடாதியின் முறை. முன் பெஞ்சில் ஓரமாக உட்காரும் பெண். பெயரைச் சொல்லி வருகை எடுக்கும்போது பின்வரிசையில் யாராவது சிரிப்பார்கள். அவள் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியாது. அம்மா பீடி சுற்றுகிறாள், அப்பா இல்லை. தேர்வில் நன்றாக எழுதுவாள், எழுத்துதான் கோழி கிளறியது மாதிரி இருக்கும்.

மாலை நோட்டைக் கொண்டுவந்தாள். விடை 6358. எங்கே தப்பு என்று பார் என்றேன். பார்த்துவிட்டேன் என்றாள். வளையத்தை எண்ணும்போது ஒன்றை விட்டிருப்பாய், அடுத்த வாரம் மறுபடி எடு என்றேன்.

ஜனவரி 24, புதன்

முதல் இன்டர்னல் தேர்வுத் தாள்கள். நியூட்டன் வளையங்கள் பற்றிய கேள்விக்கு ஒருவன் ஆப்பிள் விழுந்த கதையை இரண்டு பக்கம் எழுதியிருக்கிறான். இரண்டு மதிப்பெண் போட்டேன். போடாவிட்டால் மேடம் போடச் சொல்வார்.

ஜனவரி 30, செவ்வாய்

முப்பிடாதி இன்னும் இரண்டு முறை எடுத்தாள். 6371. 6362. மற்றவர்கள் எல்லாம் 5890, 5895 என்று நீட்டுகிறார்கள். இவள் மட்டும் பிடிவாதமாகச் சிவப்பில் நிற்கிறாள். 6360 பக்கத்தில் இருக்கும் அலைநீளம் மஞ்சளே இல்லை.

எனக்குக் கோபம் வந்தது. அவள் நோட்டில் சிவப்பு மையில் எழுதினேன்: 'விளக்கு மஞ்சளா, சிவப்பா? கண்ணைத் திறந்து பார்க்கவும்.' அதை வாசித்தும் காட்டினேன். வகுப்பு சிரித்தது.

அவள் நோட்டை வாங்கிக்கொண்டு போகவில்லை. நின்றாள்.

"சார், நான் எண்ணுனதுல தப்புன்னா ஒவ்வொரு தடவையும் வேற வேற வரணும்லா? மூணு தடவையும் கிட்டத்தட்ட ஒண்ணுபோல வருது."

"ஒரே தப்ப மூணு தடவ பண்ணிருக்க."

"அப்படின்னா என்ன தப்புன்னு சொல்லுங்க சார். நாலாவது தடவ பண்ண மாட்டேன்."

மணி அடித்துவிட்டது. பத்துக்கு நான்கு போட்டேன். மற்றவர்களுக்கு ஒன்பது. நியாயம்தான். விடை வராதவளுக்கும் வந்தவர்களுக்கும் ஒரே மதிப்பெண் போட முடியாது.

பிப்ரவரி 6, செவ்வாய்

நாலரை மணிக்குப் பிள்ளைகள் போன பிறகு நானே சோதனையைச் செய்துபார்த்தேன். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அந்த நுண்ணோக்கியில் கண் வைக்கிறேன். வளையங்கள் அழகாக இருந்தன. இருபது வளையம் அளந்தேன். கண் வலிக்கிறது. களைப்பில் எடுத்த அளவு, இங்கே எழுதுவதற்கு ஒன்றுமில்லை.

திரும்பி வரும்போது கறிவேப்பிலை வாங்க மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 7, புதன்

மறுபடி எடுத்தேன். களைப்பு இல்லை. 6365.

பிப்ரவரி 13, செவ்வாய்

ஆய்வக உதவியாளர் பிச்சாண்டி கண்ணாடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். வளைய லென்ஸில் ஏதோ கோளாறு போலிருக்கிறது என்று பொதுவாகச் சொன்னேன். அவர் துணியை உதறிக்கொண்டே, "நீங்க வாங்கிப்போட்டதுதான சார் அது" என்றார்.

எனக்கு நினைவில்லை என்றேன். அவருக்கு எல்லாம் நினைவிருக்கிறது. நான் வந்த வருடமாம், மூன்றாம் மாதம். லென்ஸ் என் கையிலிருந்து வழுக்கிச் சிமெண்டுத் தரையில் விழுந்து இரண்டாகப் போனதாம். அப்போதிருந்த துறைத்தலைவர் கருவி உடைந்தால் ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். நான் சனிக்கிழமை மதுரைக்குப் போய் அதேபோல் ஒன்று வாங்கிவந்து பழைய பெட்டியில் வைத்தேனாம். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேனாம்.

சரி, நினைவிருக்கிறது. கடைக்காரர் நூறுதான், ஏறக்குறைய நூறு என்றார். அளந்து பார்த்திருக்கலாம். அப்போது எனக்குத் திருமணமாகி எட்டு மாதம். வேலை போனால் என்ன ஆகும் என்பதைத் தவிர வேறொன்றும் ஓடவில்லை. இது தப்பென்றால் சிறிய தப்பு. உடைந்ததற்குப் பதில் வாங்கிவைத்தேன், யாரையும் ஏமாற்றவில்லை.

ஆனால் வருடத்துக்கு நாற்பது பேர் என்று ஒன்பது வருடத்தில் முந்நூற்று அறுபது பேர் அந்த லென்ஸில் 5893 எடுத்திருக்கிறார்கள். முந்நூற்று அறுபது ரெக்கார்டிலும் என் கையெழுத்து இருக்கிறது. அந்த லென்ஸில் 5893 வரவே வராது.

பிப்ரவரி 14, புதன்

லெந்து காலம் தொடங்கியது. கோவிலுக்குப் போனோம். இந்த நாற்பது நாள் நோன்புக்கு எதை விட்டுவிடப் போகிறீர்கள் என்று என் மனைவி கிரேஸ்லின் கேட்டாள். காபி என்றேன்.

பிப்ரவரி 20, செவ்வாய்

சங்கரவடிவு மேடத்திடம் சொன்னேன். எல்லாவற்றையும் இல்லை. பெட்டியில் எழுதியிருக்கும் ஆரம் சரியில்லையோ என்று ஒரு சந்தேகம், ஒரு பிள்ளைக்கு 6360 வருகிறது, அவ்வளவுதான். மேடம் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார்.

"லென்ஸ் தப்புன்னா இத்தன வருஷமா பிள்ளைங்க எப்படிச் சரியான விடை எழுதுனாங்க? அத யோசிச்சீங்களா?"

மேடமே தொடர்ந்தார்.

"அடுத்த மாசம் தர மதிப்பீட்டுக் குழு வருது. அவங்க முன்னால இந்த ரெக்கார்டையெல்லாம்தான் அடுக்கி வைக்கணும். ஏப்ரல்ல உங்க இன்டர்வியூ. போர்டுல நானும் இருக்கேன். ஒரு பிள்ளைக்கு ரீடிங் வரலைன்னா அது பிள்ளையோட கோளாறு. லென்ஸுக்குக் கோளாறுன்னா அது நம்ம கோளாறு. எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

மேடம் கெட்டவர் இல்லை. அவர் சொன்னதில் கணக்குத் தப்பு எதுவும் இல்லை. இப்போது பெட்டி மேல் வேறு எண் எழுதினால் நான் கையெழுத்துப் போட்ட நாற்பத்தொரு ரெக்கார்டும் பொய் என்றாகிவிடும். ஒரு பெண்ணின் நான்கு மதிப்பெண்ணுக்காகவா?

வரும் வழியில் மோட்டாருக்கு மறுபடி ஆள் சொல்லிவந்தேன். கப்பாசிட்டர் இல்லையாம், காயில் எரிந்துவிட்டதாம்.

மார்ச் 5, செவ்வாய்

முப்பிடாதி ஒரு தாளோடு வந்தாள். பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் கோடை விடுமுறையில் இரண்டு மாதப் பயிற்சி. ஒளியியல் ஆய்வுக்கூடத்திலேயே வேலை. விண்ணப்பித்து, தொலைபேசியில் பேசி, எடுத்துக்கொண்டுவிட்டார்கள். இந்தக் கல்லூரியிலிருந்து இதுவரை ஒருவரும் போனதில்லை. ஆசிரியர் ஒருவரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும், எந்தத் தாளிலும் அரியர் இருக்கக்கூடாது. இரண்டே நிபந்தனை.

என்னிடம் ஏன் கேட்கிறாள் என்று தெரியவில்லை. பத்துக்கு நான்கு போட்டவனிடம். கேட்டேவிட்டேன்.

"நீங்கதான் சார் வகுப்புல சரியா நடத்துதீங்க. மத்தவங்க கைடு வாசிக்காங்க."

கடிதம் எழுதினேன். நல்ல கடிதம். கூர்மையான கவனிப்பு, அளவுகளில் நேர்மை என்றெல்லாம் எழுதினேன். இன்று காலையிலிருந்து இருந்த தலைவலி விட்டது. அந்த நான்கு மதிப்பெண் கணக்கு இதோடு நேராகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

மார்ச் 26, செவ்வாய்

தர மதிப்பீட்டுக் குழு வந்துபோனது. ரெக்கார்டுகளைப் புரட்டினார்கள். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று ஒருவர் மேடத்திடம் சொன்னார்.

செய்முறைத் தேர்வு அடுத்த வாரம். ஆய்வகத்துக்கு வெளியே முப்பிடாதியைப் பார்த்தேன். தேர்வில் எடுக்கிற சீட்டில் நியூட்டன் வளையம் வந்தால் 5893 வருகிற மாதிரி பார்த்துக்கொள் என்று சொன்னேன்.

"ரீடிங்க மாத்தணுமா சார்?"

"நான் அப்படிச் சொல்லல. பாத்துக்கோன்னு சொன்னேன்."

அவள் தலையாட்டினாள். புரிந்ததா என்று தெரியவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 3, புதன்

செய்முறைத் தேர்வு முடிந்தது. வெளித்தேர்வாளர் சிதம்பரநாதன், வேறு கல்லூரிப் பேராசிரியர், ஓய்வுக்கு ஒரு வருடம் இருக்கிறது. மதியம் மீன் சாப்பாடு. பிள்ளைகள் பொதுவாக நன்றாகச் செய்தார்கள். நாற்பத்தொரு பேர் தேர்ச்சி.

ஏப்ரல் 4, வியாழன்

நேற்று எழுதாததை இன்று எழுதுகிறேன். எழுதினால் குறையும் என்று இல்லை.

முப்பிடாதிக்குச் சீட்டில் நியூட்டன் வளையம்தான் வந்தது. மூன்று மணி நேரமும் நுண்ணோக்கியை விட்டு நிமிரவில்லை. தாளை வாங்கிய சிதம்பரநாதன் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். முடிவு என்ற இடத்தில் அவள் எழுதியிருந்தது இதுதான்: 'அலைநீளம் 6364. சோடியம் ஒளிக்கு இது 5893 ஆக இருக்க வேண்டும். ஆகையால் லென்ஸின் வளைவு ஆரம் பெட்டியில் உள்ளபடி 100 அல்ல, 108 சென்டிமீட்டராக இருக்க வேண்டும் என்று கருதுகிறேன்.'

நூற்றெட்டு. பிப்ரவரியில் எனக்கும் அதேதான் வந்தது.

சிதம்பரநாதன் அவளைக் கூப்பிட்டார். கருவியைக் குறை சொல்லும் அளவுக்கு வந்துவிட்டாயா என்று கேட்டார். அவள் குறை சொல்லவில்லை என்றும், அளவு அப்படித்தான் வருகிறது என்றும், வேண்டுமானால் நீங்களே ஒருமுறை பாருங்கள் என்றும் சொன்னாள். மரியாதையாகத்தான் சொன்னாள். அவருக்கு அது மரியாதையாகப் படவில்லை. முப்பத்தைந்து வருடமாக அவரை யாரும் நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னதில்லை போலிருக்கிறது. என் பக்கம் திரும்பினார்.

"நீங்கதான இங்க பொறுப்பு. லென்ஸ் சரியா, தப்பா?"

அவளும் என்னைப் பார்த்தாள். பயந்து பார்க்கவில்லை. இதோ சார் சொல்லிவிடுவார் என்பது மாதிரி நிம்மதியாகப் பார்த்தாள். பிச்சாண்டி ஜன்னல் ஓரம் நின்று ஒரு தராசை மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

"சரிதான் சார்" என்றேன். "நூறு சென்டிமீட்டர்."

"பிறகென்ன."

"கெட்டிக்காரப் பிள்ளைதான் சார். கொஞ்சம் கவனக்குறைவு."

இதையும் நான்தான் சொன்னேன். கேட்காமலே சொன்னேன்.

கணக்கீட்டுக்கும் முடிவுக்கும் அவர் பூஜ்யம் போட்டார். வாய்மொழிக் கேள்விக்கும் போட்டார். ஐம்பதுக்குப் பதினேழு. இருபது எடுத்தால்தான் தேர்ச்சி. மூன்று மதிப்பெண் சேர்க்கலாமா என்று கேட்க வாயெடுத்தேன். அவர் பட்டியலை என் பக்கம் தள்ளினார். அவர் கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்து.

அவள் அழவில்லை. லென்ஸைப் பஞ்சால் துடைத்துப் பெட்டியில் வைத்து, பெட்டியை அலமாரியில் அதன் இடத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

ஏப்ரல் 26, வெள்ளி

நேர்முகம். ஐந்து நிமிடம் பாடம் நடத்தச் சொன்னார்கள். ஒளியின் குறுக்கீடு. நன்றாக நடத்தினேன்.

மே 17, வெள்ளி

தேர்வு முடிவுகள். முப்பிடாதி எழுத்துத் தாள்கள் எல்லாவற்றிலும் வகுப்பில் முதல். செய்முறையில் அரியர். பெங்களூர்க்காரர்கள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொண்டார்கள் என்று துறை அலுவலகத்தில் சொன்னார்கள்.

மே 20, திங்கள்

அவளுடைய அம்மா வந்திருந்தார். மகளுக்குத் தெரியாமல் வந்தாராம். விரல் நுனிகளில் புகையிலைக் கறை. நாற்காலியில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"படிக்காம இருந்துட்டாளா சார்? வீட்டுல எந்நேரமும் புத்தகமும் கையுமாத்தான இருந்தா. கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கா. நீங்க சொன்னா கேப்பா."

நன்றாகத்தான் படிக்கிறாள், நவம்பரில் மறுபடி எழுதிவிடலாம், சின்ன விஷயம், கவலைப்படாதீர்கள் என்றேன். அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். வேறு என்ன செய்வது.

ஜூன் 10, திங்கள்

நியமன ஆணை வந்துவிட்டது. கிரேஸ்லின் கேசரி கிண்டி அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுத்தாள். அம்மாவுக்குப் போன் போட்டு அழுதாள். மாலையில் பாத்திரம் கழுவிக்கொண்டே, பெங்களூர் போவதாகச் சொன்னீர்களே, அந்தப் பிள்ளை போய்விட்டதா என்று கேட்டாள். போய்விட்டாள் என்றேன்.

ஜூலை 16, செவ்வாய்

இன்று ஒன்று செய்தேன். லென்ஸை மூன்று வழிகளில் அளந்தேன். நூற்றெட்டு. பெட்டி மேலிருந்த பழைய சீட்டைத் தண்ணீர் தொட்டு உரித்துவிட்டு, '108 செ.மீ.' என்று தடித்த எழுத்தில் எழுதி ஒட்டினேன். இருப்புப் பதிவேட்டிலும் எழுதினேன். யாரும் கேட்கவில்லை. மேடம் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது அந்தப் பக்கத்தைப் பார்க்கக்கூட இல்லை. இவ்வளவுதான் வேலை. ஐந்து நிமிடம்.

முப்பிடாதியைக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டிவரும். நவம்பரில் அவளே பார்ப்பாள். அளப்பாள். 5893 வரும். தான் சொன்னது சரி என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அது போதும்.

செப்டம்பர் 4, புதன்

மூன்றாம் ஆண்டு வகுப்புக்கு மாற்றாக ஒரு மணி நேரம் போனேன். முப்பிடாதி பின் பெஞ்சுக்குப் போய்விட்டாள். கேள்வி எதுவும் கேட்கவில்லை.

நவம்பர் 12, செவ்வாய்

அரியர் செய்முறைத் தேர்வு. மூன்றே பேர். சீட்டுகளை நான்தான் எழுதினேன். முப்பிடாதிக்கு நியூட்டன் வளையம் வரும்படி பார்த்துக்கொண்டேன். எப்படி என்று எழுத வேண்டியதில்லை. வெளித்தேர்வாளர் இளவயதுப் பெண். முதலில் வந்து பிள்ளைகள் எழுதிய சூத்திரத்தைப் பார்த்துக் கையெழுத்திட்டுவிட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்து வேறு தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

நாற்பது நிமிடத்தில் முப்பிடாதி தாளைக் கொண்டுவந்து வைத்தாள். எழுத்து திருந்தியிருக்கிறது, அச்சு மாதிரி. இருபது வளையத்துக்கும் அளவு, அழகான அட்டவணை, ஸ்கேல் வைத்துக் கோடு. ஆரம் 100 சென்டிமீட்டர். அலைநீளம் 5893.

நான் மேசைக்குப் போய்ப் பார்த்தேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நுண்ணோக்கியின் கீழே வெறும் தட்டைக் கண்ணாடி. லென்ஸ் பெட்டிக்குள் இருந்தது. பெட்டி, நான் எழுதி ஒட்டிய பக்கம் மேலே தெரிய, காலையில் நான் வைத்த இடத்திலேயே இருந்தது.

"பெட்டியத் திறந்து பாக்கலியா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"எதுக்கு சார்? ரீடிங் எல்லாம் மனப்பாடமா இருக்கு."

"அளந்து பாத்திருந்தா..."

அவள் பேனாவை மூடினாள்.

"நீங்கதான சார் பாத்துக்கோன்னு சொன்னீங்க. எனக்கு அப்ப புரியல."

கோபமாகச் சொல்லவில்லை. குத்திக்காட்டவும் இல்லை. ஒரு பாடத்தைக் கற்றுக்கொள்ளத் தாமதமாகிவிட்டதற்கு வருத்தப்படுவது மாதிரிதான் சொன்னாள்.

வெளித்தேர்வாளர் தாளைப் பார்த்துவிட்டு, இந்தப் பிள்ளையா போன தடவை பெயில் என்று ஆச்சரியப்பட்டார். இவ்வளவு சுத்தமான அளவுகளைத் தன் கல்லூரியில் பார்த்ததில்லையாம். ஐம்பதுக்கு நாற்பத்தேழு. கையெழுத்துப் போட்டேன்.

போகும் முன் முப்பிடாதி கதவருகில் நின்றாள். படிப்பு முடிந்ததும் பி.எட். சேரப் போகிறாளாம், நன்னடத்தைச் சான்றிதழ் ஒன்று எழுதித் தர முடியுமா என்று கேட்டாள். எந்தப் பாடம் எடுக்கப் போகிறாய் என்று கேட்டேன்.

"இயற்பியல்தான் சார். வேற என்ன தெரியும் எனக்கு."

நாளைக்கு வந்து வாங்கிக்கொள் என்றேன்.